வலியைப் பொறுத்துக்கொள்வது நோயாளியின் கடமை அன்று

எங்கள் பல் மற்றும் முகத்தாடைச் சிகிச்சைப் பிரிவுக்கு அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் வந்திருந்தார். கீழ்த்தாடையில் சொத்தை முற்றிப்போன கடைவாய்ப்பல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. மரப்பூசி போட்டோம், பல்லையும் எடுத்தோம். அவர் முனகவில்லை, தலையை அசைக்கவில்லை. நன்றாக ஒத்துழைத்தார் என்று எங்களுக்குள் பாராட்டிக்கொண்டோம். நாற்காலியை விட்டு எழுந்தபோதுதான், அவருடைய சட்டையின் முதுகுப்புறம் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்ததைக் கண்டோம். வலித்ததா என்று கேட்டோம். “வலிச்சுதுங்க. உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்” என்றார். உடன் வந்திருந்த மகள், “அப்பா எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாருங்க” என்றார்.

அன்று தவறியவர் அந்தப் பெரியவர் அல்லர், நாங்கள்தாம். ஊசி போட்டபின் உதடு மரத்துவிட்டதா என்று கேட்டோம், அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பையே விடையாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டோம். மரியாதைக்காகவும் ஆம் என்று தலையசைப்பவர்கள் நம் ஊரில் உண்டு என்பதை மறந்துவிட்டோம். அந்த நிகழ்ச்சிக்குப் பின் எங்களுக்குள் பலமுறை பேசினோம். அப்பேச்சில் நாங்கள் வந்தடைந்த கருத்தை இவ்விதழின் வாசகர்களாகிய நோயாளிகளோடும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரோடும் பகிர்ந்துகொள்வது எங்கள் கடமை என்று எண்ணுகிறோம்.

எங்கள் கருத்து இதுதான்: முகத்திலும் வாயிலும் மரப்பூசி போட்ட பிறகு வலி தெரிந்தால், அதைப் பொறுத்துக்கொள்வது பண்பும் அன்று, வீரமும் அன்று. அந்த வலி மருத்துவருக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி. அதைச் சொல்வது உங்கள் உரிமை. சொன்னவுடன் கையை நிறுத்துவது எங்கள் கடமை.

ஊசி எங்கே போடப்படுகிறது, ஏன்?

முகத்தின் தொடு உணர்வையும் வலி உணர்வையும் மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாவது மூளை நரம்பு. அது மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு எனப்படுகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதிக்கும், இரண்டாவது கிளை கன்னம், மேலுதடு, மேற்பற்களுக்கும், மூன்றாவது கிளை கீழுதடு, நாக்கின் முன்பகுதி, கீழ்ப்பற்களுக்கும் உரியவை. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலோ வெளிப்படும் இடத்திலோ அதன் அருகே மருந்தைச் செலுத்தினால், அந்தக் கிளைக்குரிய பகுதி முழுவதும் சில மணி நேரம் மரத்துப்போகும். ஒரு தெருவுக்குச் செல்லும் மின்கம்பியை மின்கம்பத்திலேயே துண்டிப்பது போன்றது இது. வீடு வீடாகச் சென்று விளக்கை அணைக்க வேண்டியதில்லை.

மேல்தாடை எலும்பு பல இடங்களில் மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. ஆதலால் பல்லின் அருகிலேயே ஊசி போட்டால் மருந்து எலும்புக்குள் ஊறிவிடுகிறது. கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ கெட்டியானது. மருந்து எளிதில் ஊறுவதில்லை. அதனால்தான் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குரிய ஊசியை வாயின் உட்புறம் பின்கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகே போடுகிறோம். “பல்லு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கமா?” என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

விபத்தில் உதடு கிழிந்து வருபவர்களுக்கும் இதே முறை பயன்படுகிறது. காயத்தின் மீதே ஊசி போட்டால் மருந்து நிறைந்து உதடு உப்பிவிடும். உதட்டின் செந்நிறமும் தோலும் சந்திக்கும் கோடு சற்றே விலகித் தைக்கப்பட்டாலும் அந்த முகம் வாழ்நாள் முழுவதும் அதைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வெளிப்படும் நரம்பையோ, கீழ்த்தாடையின் முன்புறம் வெளிப்படும் நரம்பையோ மரக்கச் செய்துவிட்டு, உப்பாத உதட்டைக் கோடு பிசகாமல் தைக்கிறோம். காயத்தை விட்டுவிட்டு வேறெங்கோ ஊசி போடுகிறார்களே என்று பதறும் உறவினர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

இந்தச் சிகிச்சை நேற்று முளைத்தது அன்று. 1884-ஆம் ஆண்டில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கொக்கெய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்து காட்டினார். அதே ஆண்டில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கீழ்த்தாடை நரம்பருகே அம்மருந்தைச் செலுத்தித் தாடையை மரக்கச் செய்தார். தம்மீதே சோதித்துப் பார்த்ததால் அவர் அம்மருந்துக்கு அடிமையானார். இன்று நாங்கள் பயன்படுத்தும் லிக்னோகெய்ன் கொக்கெய்ன் அன்று. அடிமைப்படுத்தும் தன்மை அதற்கு இல்லை. 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் அதை உருவாக்கினார். 1948 முதல் அது மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது. முக்கால் நூற்றாண்டாக உலகெங்கும் பழகிய மருந்து அது.

மரக்காமல் போவது ஏன்?

பழகிய மருந்தாயிருந்தும் எல்லோருக்கும் எப்போதும் முழுமையாக மரத்துவிடுவதில்லை. கீழ்த்தாடை நரம்பூசி நூறு முறையில் பதினைந்து இருபது முறை முதல் தடவையிலேயே போதிய பயனைத் தருவதில்லை என்று பல் மருத்துவப் பாடநூல்களே கூறுகின்றன. நரம்பு நுழையும் துளை எல்லோருக்கும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதில்லை. சிலருக்குக் கூடுதலான சிறு நரம்புக் கிளைகளும் உண்டு. பல்லின் உட்கூழ் கடுமையாக அழன்றிருந்தால் உதடு மரத்த பின்னும் பல் மரக்காமல் இருக்கலாம். இவை எவற்றிலும் நோயாளியின் குற்றம் ஏதும் இல்லை. “எனக்கு மட்டும் ஊசி ஏறாது”, “நான் பயந்தாங்கொள்ளி” என்று தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. மேலும் கொஞ்சம் மருந்து, வேறோர் இடத்தில் இன்னோர் ஊசி, பல்லைச் சுற்றியுள்ள திசுவில் ஒரு துளி என எங்களிடம் மாற்று வழிகள் உள்ளன. ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவற்றை நாங்கள் பயன்படுத்த முடியும்.

சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுகிறது. அங்கே மரப்பு மருந்து சரிவர வேலை செய்வதில்லை. இங்கேதான் ஒரு நச்சு வட்டம் உருவாவதைக் காண்கிறோம். ஊசிக்கு அஞ்சி ஒருவர் மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார். கிராம்பைக் கடித்துக்கொள்கிறார்; மருந்துக்கடையில் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் வாங்கி விழுங்குகிறார்; சிலர் மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பிப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. கன்னம் வீங்கிய பிறகே வருகிறார். அப்போது போடும் ஊசி முழுமையாக மரப்பதில்லை. வலித்த கதையை ஊருக்குப் போய்ச் சொல்கிறார். கேட்டவர்கள் இன்னும் அஞ்சி, இன்னும் தள்ளிப்போடுகிறார்கள். அச்சம் தாமதத்தை வளர்க்கிறது. தாமதம் வலியை வளர்க்கிறது. வலி மீண்டும் அச்சத்தையே வளர்க்கிறது.

இது வெறும் வலியோடு முடிகிற கதையும் அன்று. கீழ்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் தாடையின் கீழும் பரவிக் கழுத்து வீங்கினால் மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலெழும்புதல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். ஓர் ஊசிக்கு அஞ்சி உயிரையே பணயம் வைப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களை அறியாதவர்கள் என்று குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. முன்னொரு நாள் எங்கோ ஒரு நாற்காலியில் அவர்கள் பட்ட வலியை யாரும் கேட்காமல் விட்டதுதான் பலருடைய அச்சத்துக்கு வித்து.

‘மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும்’

நம் மக்களிடையே வேரூன்றிய இன்னொரு அச்சமும் உண்டு. மேல் பல்லை எடுத்தாலோ அங்கே ஊசி போட்டாலோ பார்வை மங்கிவிடும் என்பது அது. பார்வைக்குரியது இரண்டாவது மூளை நரம்பு, பல்லுக்குரியது ஐந்தாவது. இரண்டும் வெவ்வேறு பாதையில் செல்பவை. பல்லை எடுப்பதால் பார்வை நரம்பு அறுபடுவதில்லை. பற்கள் விழும் வயதும் பார்வை குறையும் வயதும் ஒன்றாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கருதிவிட்டார்கள்.

அதேவேளையில் உண்மையை முழுவதுமாகச் சொல்லிவிட விரும்புகிறோம். மிக அரிதாக, மருந்து கண்ணை அசைக்கும் தசைகளின் நரம்பருகே பரவிச் சிறிது நேரம் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாம். கீழ்த்தாடை ஊசியின்போது மருந்து முகத்தை அசைக்கும் நரம்பைத் தொட்டுவிட்டால், வாய் ஒருபுறம் கோணி, அந்தப் பக்கத்துக் கண்ணிமையை மூட முடியாமல் போகலாம். பார்ப்பவர்கள் பக்கவாதம் என்று அலறுவது இயல்பே. மருந்தின் வேகம் தணிந்ததும் சில மணி நேரத்தில் இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதுவரை கண் உலராமல் மூடிப் பாதுகாக்க வேண்டும். சிலருக்கு வாயைத் திறப்பது சில நாள்களுக்குக் கடினமாக இருக்கலாம். மிகச் சிலருக்கு நாக்கிலோ உதட்டிலோ மரமரப்பு வாரக்கணக்கில், அரிதாக நிலையாகவும், நீடிக்கக்கூடும். மறுநாளும் மரப்பு நீங்கவில்லை என்றால் எங்களிடம் தவறாமல் தெரிவியுங்கள்.

இவற்றையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் நோயாளிகள் மேலும் அஞ்சுவார்களே என்று எங்களில் சிலரே கேட்டதுண்டு. நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஒன்று நிகழும்போது மனிதர் நிதானமாக இருக்கிறார். மறைக்கப்பட்ட ஒன்று நிகழும்போதே கலங்கிப்போகிறார். ‘வலிக்கவே வலிக்காது’ என்ற சொல் எங்கள் பிரிவில் இனி ஒலிக்கக் கூடாது என்று விரும்புகிறோம். ‘எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கும், பிறகு கனத்துப்போகும், அழுத்துவது தெரியும், வலி தெரியக் கூடாது’ என்பதே உண்மையான சொல்.

அழுத்தம் தெரியும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மரப்பூசி வலியைத்தான் தடுக்கிறது; தள்ளுதல், இழுத்தல், எலும்பில் எழும் ஓசை ஆகியவை தெரியவே செய்யும். அதைக் கண்டு மிரள வேண்டாம். குத்துவது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ இருந்தால் மட்டும் அது வலி. வாய் திறந்திருக்கையில் பேச முடியாது. ஆகவே இடது கையை உயர்த்துங்கள். கை உயர்ந்தால் கருவி வெளியே வரும்.

எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்பவை

கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. காலை எட்டு மணிக்கே வரிசையில் நிற்பவர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். ஆயினும் மருந்தை மெதுவாகச் செலுத்தினால் ஊசியின் வலி குறைகிறது. அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. செலுத்துமுன் ஊசியைச் சற்றே பின்னிழுத்து இரத்தக்குழாயில் இல்லை என்று உறுதிசெய்ய நொடிகள் போதும். மரக்கும்வரை ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ காத்திருக்கும்போது அடுத்தவரின் விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம். மாறாக, மரக்காத பல்லோடும் நடுங்கும் நோயாளியோடும் போராடுவதற்குத்தான் அரைமணி நேரம் வீணாகிறது. பொறுமை நேரத்தைத் தின்பதில்லை, அவசரமே தின்கிறது.

இனி “மரத்துவிட்டதா?” என்று கேட்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ளப்போவதில்லை. “இந்தப் பக்கத்து உதட்டையும் அந்தப் பக்கத்து உதட்டையும் தொட்டுப் பாருங்கள், எப்படி வேறுபடுகிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று கேட்போம். ஈறைக் கருவியால் தொட்டுச் சோதித்த பின்பே தொடங்குவோம். நாங்கள் மறந்துவிட்டால் நீங்கள் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் அவமதிப்பாகக் கொள்ளமாட்டோம்.

உங்களிடம் நாங்கள் வேண்டுபவை

முதலாவது, வெறும் வயிற்றோடு வராதீர்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்குத்தான் பட்டினி தேவை, மரப்பூசிக்கு அன்று. ஊசியைக் கண்டு மயங்கி விழுபவர்களில் பலர் அச்சத்தோடு பசியும் சேர்ந்தவர்கள். நீரிழிவுக்காரர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருவது மிகவும் ஆபத்தானது.

இரண்டாவது, மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம், கருவுற்றிருத்தல், உண்ணும் மருந்துகள் அனைத்தும் எங்களுக்குத் தெரிய வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. முன்பு ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்தது என்றால் அதையும் சொல்லுங்கள். மருந்து நெடுநேரம் தங்குவதற்காக அதில் சிறிதளவு அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. படபடப்புக்கு அது காரணமாயிருக்கலாம். அதை ஒவ்வாமை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு ஏற்பட்டிருந்தால் அது வேறு; அவசியம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகளைப் பற்றியது. ‘சேட்டை செய்தால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்லுவேன்’ என்ற மிரட்டல் நம் வீடுகளில் மிகச் சாதாரணம். சோறூட்டுவதற்காகச் சொல்லப்படும் அந்தச் சொல், பல் வலியோடு அக்குழந்தை எங்களிடம் வரும் நாளில் எங்களுக்கு முன்பே அறைக்குள் வந்து நிற்கிறது. அதேபோல், ‘ஊசியே போடமாட்டார்கள்’ என்று பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுமுறை பெற்றோரையும் நம்பாது, எங்களையும் நம்பாது. சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம், சில வேளை அதற்கு மேலும், குழந்தையைக் கண்காணியுங்கள். மரத்த உதட்டை வேடிக்கையாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம். மறுநாள் உதடு வீங்கி வெண்படலம் படிந்திருப்பதைக் கண்டு, ஊசி ‘செப்டிக்’ ஆகிவிட்டது என்று பதறி வருகிறார்கள். பெரும்பாலும் அது கடித்த புண்தான்; சில நாள்களில் ஆறிவிடும். ஐயம் இருந்தால் காட்டிவிடுங்கள்.

நான்காவது, மரப்பு நீங்கும்வரை பெரியவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சுடச்சுடக் காப்பி குடித்தால் நாக்கு வெந்தாலும் தெரியாது. வெற்றிலை பாக்கு மென்றால் கன்னம் அறுபட்டாலும் தெரியாது. பல் எடுத்த புண்ணுக்குப் புகையிலை எந்நாளும் பகை.

ஐந்தாவது, உடன் வருபவர்களுக்கு. உங்கள் தந்தையோ தாயோ ‘எதையும் சொல்ல மாட்டார்’ என்றால், சிகிச்சை தொடங்குமுன்பே அதை எங்களிடம் சொல்லிவிடுங்கள். ‘இவர் வலித்தாலும் வாய் திறக்கமாட்டார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வாக்கியம், எக்ஸ்ரே படத்தில் தெரியாத ஒன்றை எங்களுக்குக் காட்டிவிடும்.

சில வாரங்கள் கழித்து அந்த விவசாயி, மறுபக்கத்துப் பல்லுக்காக மீண்டும் வந்தார். இம்முறை எப்படி இருக்கும் என்பதை முதலில் விளக்கினோம். முதல் ஊசி போட்டு, காத்திருந்து, ஈறைத் தொட்டபோது அவருடைய இடது கை மெல்ல, மிகுந்த தயக்கத்தோடு, நாற்காலியின் கைப்பிடியை விட்டு ஓர் அங்குலம் எழுந்தது. நாங்கள் நிறுத்தினோம். மற்றோர் ஊசி போட்டு, மறுபடியும் காத்திருந்தோம். பிறகு பல் வந்தது. எழுந்தபோது அவர் சட்டை உலர்ந்திருந்தது. “இதைச் சொல்லலாம்னே எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

இது தெரியாமலேயே எத்தனை பேர் எங்கள் நாற்காலியில் அமர்ந்து எழுந்து போயிருப்பார்கள் என்று எண்ணும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் இனி அவர்களில் ஒருவராக இருக்க வேண்டாம். வலித்தால் கையை உயர்த்துங்கள், நாங்கள் நிறுத்துவோம்.